எண் பெரிதாக இருந்தால் வேகமா? கல்யாண வீடியோவுக்கு ஒரு ப்ராசசர்

17 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

அண்ணே, பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் புது சிஸ்டம் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டும் (ஆர்டிஎக்ஸ் 3060) மானிட்டரும் கையில் இருக்கின்றன. மற்றதற்கு ஒரு லட்சம் வரை போகலாம். கடையில் சினிபெஞ்ச் என்ற ப்ராசசர் வேகச் சோதனையின் பட்டியல் ஒன்றைக் காட்டி, "எண் பெரிசா இருக்கறத எடுங்க" என்கிறார்கள். அதில் ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸும் இன்டெல்லின் கோர் அல்ட்ரா 9 285கேவும் உச்சியில் இருக்கின்றன. ஆனால் போன மாதம் வந்த இந்த 285கே, விளையாட்டில் இன்டெல்லின் பழைய 14900கேவிடமே தோற்கிறதாம். இந்த மாதம் வந்த ஏஎம்டியின் 9800எக்ஸ்3டியை எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், அதுவோ சினிபெஞ்ச் பட்டியலில் நடுவில் கிடக்கிறது. எதைத்தான் நம்புவது?

17 நவம்பர், இரவு

9800எக்ஸ்3டியை முதலில் ஒதுக்கிவையுங்கள் தம்பி. அருமையான சில்லுதான், ஆனால் அது விளையாட்டுக்காரர்களுக்கு. எட்டே கோர் (சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி).

சினிபெஞ்சை மேக்ஸான் நிறுவனம் செய்கிறது. தங்கள் சினிமா 4டி என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்யும் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும்) வேலையைத் தனியாக எடுத்துச் சோதனையாக்கியிருக்கிறார்கள். ஒரு படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கோருக்கு ஒரு கட்டம் கொடுக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். வயலில் அறுப்புக்கு ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி, கோர் கூடினால் எண் கூடும். வீடியோ எக்ஸ்போர்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் ரைசன் 9 9900எக்ஸ், 12 கோர், 24 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). 64 ஜிபி ரேம். 9950எக்ஸுக்குப் போனால் பட்ஜெட் கிழியும். முடிந்தது.

18 நவம்பர், காலை

"முடிந்தது" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அந்த அறுப்பு உவமை தப்பு. எடிட்டிங்குக்குக் கல்யாண சமையல்தான் சரியான உவமை. காய் நறுக்க இருபது பேரை உட்கார வைக்கலாம். அண்டாவில் அரிசி வேகும் நேரத்தை இருபது பேர் சேர்ந்தும் குறைக்க முடியாது. இதை ஜீன் அம்டால் என்பவர் 1967லேயே கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு கோர் மட்டும் வைத்துச் செய்தால் 100 நிமிடம் ஆகும் வேலை ஒன்று இருக்கிறது. அதில் 80 நிமிட வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், 20 நிமிட வேலையைப் பிரிக்க முடியாது. எட்டு கோரில் அந்த 80 பத்தாகும், மொத்தம் 30 நிமிடம். பதினாறு கோரில் ஐந்தாகும், மொத்தம் 25. கோரை இரட்டிப்பாக்கி மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடம். ஆயிரம் கோர் போட்டாலும் அந்த 20 அசையாது.

சினிபெஞ்சில் அந்த அண்டா கிட்டத்தட்டக் கிடையாது, எல்லாமே காய் நறுக்கல். உங்கள் வேலையில் அண்டா எவ்வளவு பெரிது என்று கேட்காமலே 9900எக்ஸ் எழுதிவிட்டேன்.

கேமரா என்ன? எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள்? எடிட்டிங் பிரீமியரிலா, ரிசால்விலா? பொறுமை போவது எக்ஸ்போர்ட்டிலா, டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போதா? நாளில் எட்டு மணி நேரம் அந்த டைம்லைனோடுதான் குடும்பம் நடத்துகிறீர்கள். எக்ஸ்போர்ட்டை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

19 நவம்பர்

பதில் வந்திருக்கிறது. சோனி ஏ7 மார்க் 4, 4கே, எக்ஸ்ஏவிசி எச்எஸ், 10-பிட், 4:2:2. எடிட்டிங் பிரீமியரில். "டைம்லைன்தான் அண்ணே, மாலை மாற்றும் இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்துவிடும்" என்கிறார்.

அப்படியென்றால் 17ஆம் தேதி நான் எழுதியதை அடித்துவிடுங்கள். மொத்தமாக.

விஷயம் இதுதான். எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265, வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை. அதைப் பிரித்துக் காட்டுவது பிழிந்தெடுக்கும் வேலை. அதற்கென்று தனி மின்சுற்று இருந்தால் ப்ராசசர் கோர்கள் கால்மேல் கால் போட்டு உட்காரலாம், இல்லாவிட்டால் எல்லாக் கோரும் மூச்சு வாங்கும். எச்.265 பிரிக்கும் மின்சுற்று இன்று எல்லாக் கிராபிக்ஸ் கார்டிலும் உண்டு, உங்கள் 3060லும் உண்டு. ஆனால் அது சாதாரண 4:2:0வைப் பிரிக்கும், 4:2:2வை அல்ல. 4:2:0வில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும். 4:2:2வில் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. பட்டுப்புடவையின் சரிகை, நெற்றிக் குங்குமம் எல்லாம் கலர் கரெக்‌ஷனில் பிசிறடிக்காமல் இருப்பதற்குத்தானே 4:2:2வில் எடுக்கிறீர்கள்? அந்த 4:2:2 எச்.265ஐ 3060 பிரிக்காது. இன்றைக்குக் கடையில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையும் பிரிக்காது. ஏஎம்டி கார்டுகளும் அப்படியே.

பிரிப்பது இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ். குயிக் சின்க் என்று பெயர். 11ஆம் தலைமுறையிலிருந்து அதற்கு இந்த வேலை தெரியும். எந்த சினிபெஞ்ச் பட்டியலிலும் இதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்தச் சோதனையை வைத்து அளந்தால் குயிக் சின்க் இருப்பதே தெரியாது.

அதனால் இப்போது என் பதில் கோர் அல்ட்ரா 7 265கே. எட்டு பெரிய கோர், 12 சின்னக் கோர், ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட் ஓட்டும் வசதி) கிடையாது, மொத்தம் 20 த்ரெட். விளையாட்டில் இது சுமார் என்று எல்லோரும் கழுவி ஊற்றுகிறார்கள். நீங்கள் விளையாடப் போவதில்லை.

19 நவம்பர், சற்று நேரம் கழித்து

முக்கியம். பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் வாங்காதீர்கள். 265கேஎஃப், 14700எஃப், 14700கேஎஃப் எல்லாம் கிராபிக்ஸ் முடக்கப்பட்ட சில்லுகள். கடையில், "உங்ககிட்டதான் கார்டு இருக்கே, இதுல கொஞ்சம் கம்மியாவும் வரும்" என்று அன்போடு கையில் திணிப்பார்கள். சினிபெஞ்சில் இரண்டுக்கும் எண் ஒன்றுதான். உங்கள் டைம்லைனில் ஒன்று ஓடும், மற்றது நொண்டும்.

21 நவம்பர்

என் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர், "அப்போ ரைசனில் கிராபிக்ஸே இல்லையா?" என்று கேட்கிறார். இருக்கிறது. ரைசன் 7000, 9000 டெஸ்க்டாப் சில்லுகளில் (எஃப் தவிர) சின்னதாக ஒன்று உண்டு. மானிட்டரை இணைக்கலாம், சாதாரண எச்.265ஐயும் பிரிக்கும், 4:2:2 மட்டும் அதற்கு வராது. நான் எழுதியதில் அப்படி ஒரு தொனி வந்துவிட்டது, தப்புதான்.

இன்னொன்றும் உண்டு. ரைசன்மேல் ஆசை விடாதவர்கள் இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற சின்னக் கார்டை இரண்டாவதாகச் செருகினால் அதே பிரிக்கும் சுற்று கிடைத்துவிடும். போர்டில் இடம் வேண்டும், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாங்க வேண்டும்.

இன்னொருவர் மேக் மினி எம்4 வாங்கச் சொல்கிறார். 59,900 ரூபாய், 16 ஜிபி. 4:2:2 எச்.265ஐ வெண்ணெயாகப் பிரிக்கும், கீக்பெஞ்ச் 6 என்ற இன்னொரு வேகச் சோதனையில் ஒற்றைக் கோர் எண் 3,700ஐத் தாண்டுகிறது. தப்பான யோசனையே இல்லை. ஆனால் தம்பியிடம் இருக்கும் கார்டு, நாலைந்து ஹார்ட் டிஸ்க், பிளக்-இன் எல்லாம் விண்டோஸ் வீட்டுச் சாமான்கள். குடும்பத்தோடு வீடு மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

30 நவம்பர்

எண்ணை நம்புவது பற்றி ஒரு பழங்கதை. 2001ல் எனக்கு டிடிபி தொழில், கல்யாணப் பத்திரிகை அடிப்பது. கம்ப்யூட்டர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அப்போது சினிபெஞ்ச் பட்டியலெல்லாம் கிடையாது, ஒரே அளவுகோல் மெகாஹெர்ட்ஸ். பெண்டியம் 4, 1.5 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு ஆர்டிரேம் என்று தனி நினைவகம் வேண்டும், ஜோடி ஜோடியாகப் போட வேண்டும், காலி இடத்திலும் ஒரு டம்மி அட்டை செருக வேண்டும். விலை கேட்டு வாயை மூடிக்கொண்டேன். கையில் இருந்த காசுக்கு 1 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3 வாங்கி, ஒன்றரையில் மூன்றில் இரண்டு பங்குதானே என்ற ஏக்கத்தோடு ரயில் ஏறினேன்.

பிறகு சோதனைகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, பல வேலைகளில் அந்த 1 கிகாஹெர்ட்ஸ், 1.5 பக்கத்திலேயே ஓடிவந்தது, சிலவற்றில் முந்தவும் செய்தது. பெண்டியம் 3ல் ஒரு கட்டளை பத்துப் படி ஏறினால் வேலை முடியும். பெண்டியம் 4ல் இருபது படி. படி சின்னதானால் வேகமாக ஏறலாம், அதனால் கிகாஹெர்ட்ஸ் கூடும். ஆனால் நடுவில் "ஐயோ, தப்பான வீடு" என்று தெரிந்தால் இருபது படியும் இறங்க வேண்டும். என் வறுமை என்னைக் காப்பாற்றியது, அறிவு இல்லை.

அதே வருடம் அக்டோபரில் ஏஎம்டி செய்த குறும்பு இன்னும் பிடிக்கும். 1.53 கிகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தார்கள். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு எண்ணாலேயே பதில். கிகாஹெர்ட்ஸ் மோகம் போய்விட்டது. அந்த நாற்காலியில் இப்போது சினிபெஞ்ச் உட்கார்ந்திருக்கிறது.

8 டிசம்பர்

9800எக்ஸ்3டி ஏன் பட்டியலில் நடுவிலும் விளையாட்டில் உச்சியிலும் இருக்கிறது என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

தாளிக்கும்போது கடுகு கையெட்டும் தூரத்தில், அஞ்சறைப்பெட்டியில் இருக்க வேண்டும். அதில் இல்லையென்றால் அலமாரி, அங்கும் இல்லையென்றால் ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமுக்குப் போய் வருவதற்குள் எண்ணெய் கருகிவிடும். ப்ராசசருக்கு உள்ளேயே கேஷ் என்ற சின்ன நினைவகம் உண்டு, அதில் அஞ்சறைப்பெட்டி எல்1, அலமாரி எல்2வும் எல்3யும். ஸ்டோர் ரூம் ரேம். விளையாட்டு நிரல்கள் அடுத்து என்ன கேட்கும் என்று ஊகிக்க முடியாத சமையல்காரர்கள், திடீரென்று ஜாதிக்காய் கேட்பார்கள். அதனால் அலமாரி பெரிதாக இருந்தால் ஆதாயம். சாதாரண எட்டு கோர் ரைசனில் எல்3 32 எம்பி. 9800எக்ஸ்3டியில் மேற்கொண்டு 64 எம்பி அடுக்கி 96.

2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டிதான் இதற்கு நல்ல பாடம். அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், சாதா 5800எக்ஸ் 4.7. சினிபெஞ்சில் 3டி தோற்றது, விளையாட்டில் ஜெயித்தது. ரெண்டர் வேலைக்கு அந்தப் பெரிய அலமாரி பெரிதாக உதவவில்லை, அவ்வளவுதான். அப்போது கூடுதல் கேஷை கோர்களுக்கு மேலே அடுக்கியிருந்தார்கள். போர்வை போர்த்தின மாதிரி சூடு வெளியேறத் திணறியது. 9800எக்ஸ்3டியில் அதைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் இதில் வேகம் 5.2 வரை போகிறது.

என் வீட்டில் இதைப் படித்துவிட்டு, "அஞ்சறைப்பெட்டியில ஜாதிக்காய் யார் வைப்பா?" என்றார்கள். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

21 டிசம்பர்

மார்கழி பிறந்துவிட்டது, கல்யாணம் இல்லை, தம்பி பாக்கி ஆல்பங்களை முடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த இடைவெளியில் ஒரு விஷயம். வெளியான முதல் நாள் வரும் சோதனை எண்களைப் புளியங்காயாக நினைத்துக்கொள்ளுங்கள், பழுக்க மூன்று மாதம் வேண்டும்.

ஆகஸ்டில் ரைசன் 9000 வந்தபோது ஏஎம்டி சொன்ன வேகம் சோதனை செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. விசாரித்தால், ஏஎம்டி தன் சோதனையை விண்டோஸின் மறைந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஓட்டியிருக்கிறது. நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சில்லு ஊகிக்கும் பகுதி சாதாரணக் கணக்கில் முழுமையாக வேலை செய்யவில்லை, விண்டோஸ் அப்டேட் வந்து சரிசெய்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த அப்டேட்டால் பழைய ரைசன்களும் வேகம் கூடின. அக்டோபரில் 285கே வந்தபோது இன்டெல் பக்கம் இதே கதை. தங்கள் எதிர்பார்ப்புக்குப் பொருந்தாத எண்களுக்கு இப்போது டிசம்பரில் காரணங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸில் இருக்க வேண்டிய பவர் தொகுப்பு ஒன்று வெளியீட்டு நாளில் இல்லாமல் போனதும் அதில் ஒன்று. ஆக ஒரே சில்லு, ஒரே சோதனை, ஆகஸ்டில் ஓர் எண், டிசம்பரில் வேறு எண். கடையில் காட்டிய பட்டியலில் தேதி இருந்ததா?

கம்பைலர் (நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) வழியாகவும் எண் மாறும். ஸ்பெக் என்பது வேகச் சோதனைகளை வகுக்க 1988ல் தொடங்கிய அமைப்பு, சர்வர் உலகத்தில் அவர்கள் சோதனைக்குத்தான் மரியாதை. இந்த வருடம் பிப்ரவரியில் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகள்மேல் அவர்களே எச்சரிக்கைக் குறிப்பு ஒட்டினார்கள். இன்டெல் கம்பைலர் அந்தத் தொகுப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட சோதனையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் உதவுகிற மாதிரி மாற்றம் செய்தது என்பது அவர்கள் முடிவு. கேள்வித்தாள் தெரிந்த மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினால் அவனைக் கெட்டிக்காரன் என்போமா?

22 டிசம்பர்

"அப்போ 14700கே மலிவாகக் கிடைக்கிறதே, அதிலும் குயிக் சின்க் உண்டே?" உண்டு. வேலையும் செய்யும். ஆனால் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் மின்னழுத்தம் அதிகமாகப் போய் நாளடைவில் சில்லு தளர்ந்துபோகும் சிக்கல் இருந்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (சில்லின் உள்நிரல்) திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். புதுப்பெட்டி வாங்கி, முதல் வேலையாக பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்கிறவர் தாராளமாக வாங்கலாம். பழையது கைமாறி வந்தால் வேண்டாம். ஏற்கெனவே கெட்டுப்போனதை மைக்ரோகோட் திரும்பக் கொண்டுவராது.

9 ஜனவரி 2025

தம்பி 265கே வாங்கிவிட்டார், எஃப் இல்லாதது. வாங்கின கையோடு புகார்: டைம்லைன் அப்படியே நொண்டுகிறது. நேற்று ராத்திரி போனில் ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் பார்த்தோம். கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். ஜிபியூ (கிராபிக்ஸ் சில்லு) என்று ஒன்றுதான் தெரிகிறது, 3060 மட்டும்.

தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்ளே இருக்கும் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்ற மாதிரிப் பெயரில் ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்க வேண்டும். இயக்கி, டிரைவர் போட்டு, பிரீமியரில் இன்டெல் டிகோடிங்கைத் தேர்ந்தெடுத்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. மாலை மாற்றுவதை நாலு தடவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாராம்.

இதை நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டியவன் நான்.

12 ஜனவரி

"சினிபெஞ்சில் என் எண் கடைப் பட்டியலைவிடக் குறைவு. சில்லு டூப்ளிகேட்டா?" இல்லை தம்பி.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் ஒரு கதை, இழுக்கும் வாட் வேறு. உங்கள் 265கேவுக்கு 125 வாட், உச்சத்தில் 250. ரைசன் 9700எக்ஸ் 65 என்று சொல்லி 88 வரை இழுக்கும். 9950எக்ஸ் 170 என்று சொல்லி 230 வரை போகும். இன்டெல்லின் முந்தைய தலைமுறையில் மதர்போர்டுகள் இந்த வரம்பையே 4096 வாட் என்று வைத்து அனுப்பின, அதாவது வரம்பே இல்லை. 14900கேவுக்கு இன்டெல் சொன்ன உச்சம் 253 வாட். பந்தயத்தில் ஒருவன் விதிப்படி ஓடுகிறான், ஒருவன் கால்வாயைத் தாண்டிக் குறுக்கே ஓடுகிறான், பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அந்தப் பட்டியல் எந்தப் போர்டில், எத்தனை வாட்டில், எந்தக் கூலரில் ஓடியது?

சினிபெஞ்ச் ஆர்23 பதிப்பை ஒரு தடவை மட்டும் ஓட்டினீர்களா, பத்து நிமிடமா என்றும் பாருங்கள். சில்லு சூடேறுவதற்குள் முடிகிற ஓட்டத்தில் எல்லோரும் வீரர்கள். லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரே பெயருள்ள சில்லு மெல்லிய உடம்பில் ஒரு வேகம், தடித்த உடம்பில் வேறு வேகம்.

16 பிப்ரவரி

என் சொந்தக் கதை. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் மென்பொருள் வழியாக எழுத்தாக்குவது எனக்கு ஓய்வுநேரப் பைத்தியம். 2021ல் நாலு கோர் இயந்திரத்திலிருந்து ரைசன் 9 5900எக்ஸுக்கு மாறினேன், 12 கோர். மூன்று மடங்கு வேகம் என்று சப்புக்கொட்டிக்கொண்டு ஒரு புத்தகத்தைப் போட்டேன். கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். பழைய ஆள் புதுச்சட்டை போட்டு வந்த மாதிரி.

இரண்டு வாரம் ரேமைச் சந்தேகப்பட்டேன், டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி நான்தான். டெசராக்ட் ஒரு பக்கத்தை நாலு இழைக்குமேல் (த்ரெட்) பிரிக்காது. அந்த நாலும்கூட நமது இந்த விவாத இழை மாதிரிதான், ஒன்றுக்கொன்று பதிலுக்குக் காத்துக்கொண்டே பாதி நேரம் போய்விடும். பக்கத்துக்கு ஒரே இழை என்று கட்டுப்படுத்தி, ஒரே நேரத்தில் பன்னிரண்டு பக்கங்களைத் தனித்தனியாக ஓட்டினேன். ஃபேன் அலறியது, புத்தகம் பறந்தது.

அதனால் அம்டால் கணக்கை எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அண்டாவைச் சீக்கிரம் வேகவைக்க முடியாதுதான். பன்னிரண்டு அடுப்பில் பன்னிரண்டு அண்டா வைக்கலாம். உங்களுக்கும்தான், ஐந்து கல்யாணத்தின் ப்ராக்ஸி கோப்புகளை (எடிட் செய்ய எளிதான சின்ன நகல்கள்) வரிசையாகப் போட்டுவிட்டுத் தூங்குகிற நாளில் கோர் எண்ணிக்கை பேசும்.

கீக்பெஞ்ச் 6ல் இதே விவகாரம் உண்டு. ஐந்தாம் பதிப்பு வரை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறில் எல்லாக் கோரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டும். கோர் நிறைய உள்ள சில்லுகளின் எண் சட்டென்று இளைத்துப்போனது. சில்லு மாறவில்லை, கேள்வி மாறியது.

11 மே

கத்திரி. சென்னையில் என் அறை ராத்திரி பத்து மணிக்கு 34 டிகிரி. வெளிநாட்டுச் சோதனைக்காரர்கள் 21, 22 டிகிரி அறையில் ஓட்டிய எண்ணை வைத்துக்கொண்டு நான் இங்கே வேர்த்து உட்கார்ந்திருக்கிறேன். அறை 12 டிகிரி கூடினால் அதே கூலரில் சில்லும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். ரைசன் 9000க்கு எல்லை 95 டிகிரி, தம்பியின் 265கேவுக்கு 105. எல்லையைத் தொட்டதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவர்கள் அறையில் முந்திய சில்லு நம் அறையில் பின்தங்கக்கூடும்.

நான் செய்வது இது: சித்திரை முதல் ஆனி வரை என் 5900எக்ஸை ஈகோ முறையில் போட்டுவிடுவேன். வழக்கமாக 142 வாட் வரை இழுப்பது 88க்குள் அடங்கும். வேகம் அந்த விகிதத்தில் விழுவதில்லை. கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் சில்லு அநியாயத்துக்கு மின்சாரம் குடிக்கிறது. சினிபெஞ்ச் பந்தயமே அந்தக் கடைசிச் சொட்டுக்குத்தான்.

25 மே

வைகாசி முகூர்த்தச் சூட்டில் தம்பி திரும்ப வந்திருக்கிறார். இரண்டாவது கேமராக்காரர் எக்ஸ்ஏவிசி எஸ் வகையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதே 10-பிட் 4:2:2. அந்தக் காட்சிகள் மட்டும் திக்குகின்றன.

எச்எஸ் என்றால் எச்.265, எஸ் என்றால் எச்.264. 265கேவின் குயிக் சின்க் 4:2:2வை எச்.265ல் மட்டும்தான் பிரிக்கும், எச்.264ல் பிரிக்காது. அதைக் கோர்கள்தான் சுமக்கின்றன. அவருக்கும் எச்எஸ் வைக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தக் காட்சிகளுக்கு மட்டும் ப்ராக்ஸி போடுங்கள். மூன்றாவது வழியும் இப்போது உண்டு. ஜனவரி கடைசியில் வரத் தொடங்கிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2வைப் பிரிக்கிறது, பிரீமியரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது.

ஆமாம், அதனால் நவம்பரில் நான் "கிராபிக்ஸ் கார்டு பிரிக்காது" என்று எழுதியதற்கு ஆயுள் இரண்டரை மாதம்தான். இன்று ஒருவர் புதிதாக 50 வரிசைக் கார்டோடு சிஸ்டம் போடுவதாக இருந்தால், என் முதல் பதிலான 9900எக்ஸையே சொல்வேன். தப்பான காரணத்துக்குச் சரியான விடை எழுதியிருக்கிறேன், ஆறு மாதம் முன்கூட்டியே.

8 ஜூன்

"அண்ணே, 32 ஜிபி ரேம் இரண்டு குச்சி இருந்தது, மேலும் இரண்டு வாங்கிப் போட்டேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையாகவே நிற்கிறது. செத்துப்போச்சா?"

சாகவில்லை. புது ரேமைப் போட்டதும் போர்டு அதைப் பழக்கப்படுத்தும், நாலு குச்சி என்றால் பல நிமிடம் பிடிக்கும். அணைக்காமல் காபி குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் இப்போதைய டிடிஆர்5 ரேமில் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும். ரைசன் 9000ல் அதிகாரப்பூர்வக் கணக்கே இரண்டு குச்சிக்கு 5600, நாலுக்கு 3600. உங்கள் இன்டெல்லிலும் குறையும். 64 ஜிபி போதாமல் எப்போதாவது பிரீமியர் திணறியதா? இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

10 ஜூன்

கழற்றிவிட்டாராம். கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம், அந்த இரண்டு குச்சியை நான் வாங்கிக்கொள்கிறேனா என்று கேட்கிறார். என் 5900எக்ஸ் போர்டில் பழைய டிடிஆர்4 ரேம்தான் ஏறும் தம்பி.